என்விடிஏ: இணையப் பக்கம் எழுதப் பழகுபவரின் காதுக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது?

பார்வையில்லாமல், ஆசிரியரும் இல்லாமல் இணையப் பக்கம் எழுதப் பழகுபவர் முதலில் நிறுவ வேண்டியது என்விடிஏ என்ற திரைவாசிப்பானை, அதாவது திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் மென்பொருளைத்தான். இதைத் தயக்கமில்லாமல் சொல்லலாம். காசு கேட்பதில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எடிட்டரில் நிரலை வாசித்துக் காட்டும் அதே மென்பொருள் உலாவியில் அந்த நிரல் என்னவாக ஆகியிருக்கிறது என்பதையும் சொல்கிறது. எழுதுகோலும் உரைகல்லும் ஒரே கையில் கிடைத்துவிடுகின்றன. ஆனால் இந்த உரைகல் சில பிழைகளைச் சொல்லாமல் சமாளித்துவிடும். அந்தச் சமாளிப்பு எங்கெங்கே நடக்கிறது என்று தெரியாமல் எழுதினால், பக்கம் எழுதியவரின் காதுக்குச் சரியாக இருக்கும். மவுஸ் பிடிக்க முடியாமல் கீபோர்டை மட்டும் நம்பும் ஒருவருக்கு உடைந்திருக்கும். இந்த மதிப்புரையில் அதிக இடம் அந்த விஷயத்துக்குத்தான்.

என்விடிஏ-வை 2006-ல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன். பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். அவர்கள் அமைத்த என்வி அக்சஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்புதான் இன்றும் அதை வெளியிடுகிறது. விண்டோஸில் மட்டும் இயங்கும். ஜிபிஎல் உரிமத்தில் நிரல் முழுவதும் திறந்தே இருக்கிறது. பெரும்பகுதி பைத்தான், மீதி சி++. நிறுவ அனுமதியில்லாத கணினியில் போர்ட்டபிள் பிரதியைப் பென் டிரைவிலிருந்தே இயக்கலாம். கூடவே, என்விடிஏ விசையையும் கண்ட்ரோலையும் இசட்-டையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பைத்தான் கன்சோல் (கட்டளை தட்டிப் பார்க்கும் இடம்) திறக்கும். தன்னை வாசித்துக் காட்டும் மென்பொருளையே உள்ளே நுழைந்து பார்க்கும் வாய்ப்பு நிரல் கற்பவருக்குச் சாதாரண விஷயமில்லை. (என்விடிஏ விசை என்பது இன்செர்ட், அமைப்பில் கேப்ஸ் லாக்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.)

நிறுவிய நிலையிலேயே நிரல் எழுத உட்கார்ந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். கடிதமும் செய்தியும் வாசிப்பதற்கு ஏற்றபடிதான் தொடக்க அமைப்புகள் இருக்கின்றன. நிறுத்தக்குறிகளுக்கான அளவு தொடக்கத்தில் ‘சில’ என்றிருக்கும். அந்த அளவில் வரி வரியாக நகரும்போது கோண அடைப்பும் அலை அடைப்பும் அரைப்புள்ளியும் வாசிக்கப்படாமல் நழுவிவிடும். மூடாத டேக் (பக்கத்தின் ஓர் உறுப்பைத் தொடங்கி முடிக்கும் கோண அடைப்புக் குறி) மூடிய டேக் போலவே கேட்கும். என்விடிஏ விசையுடன் பி-யை, அதாவது ‘பங்சுவேஷன்’ என்பதன் முதலெழுத்தை, ‘எல்லாம்’ என்ற சொல் கேட்கும்வரை அழுத்துங்கள். அதன் பிறகு வரிக்கு வரி ‘லெஸ்’, ‘கிரேட்டர்’, ‘லெஃப்ட் பிரேஸ்’ என்று கொட்டும். முதல் வாரம் காது களைத்துப்போகும். இதற்கு மருந்து பிரிஃபரன்சஸ் மெனுவில் உள்ள குறி உச்சரிப்புப் பட்டியல். அங்கே ஒவ்வொரு குறிக்கும் ஓரசைப் பெயர் வைத்துக்கொள்ளலாம். அடிக்கோட்டை என்விடிஏ ‘லைன்’ என்று சொல்வது நிரலில் வரும் ‘லைன்’ என்ற சொல்லோடு குழம்பும் என்பதால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். மாற்றம் அப்போது தேர்ந்திருக்கும் குரலின் மொழிக்கு மட்டும் சேமிக்கப்படும். தமிழ்க் குரலில் மாற்றிவிட்டு ஆங்கிலக் குரலுக்குப் போனால் பழைய பெயர்களே வரும். அமைப்பு அழிந்துவிட்டது என்று பதற வேண்டாம்.

அடுத்தது உள்தள்ளல். என்விடிஏ, கண்ட்ரோல், ‘டாக்குமென்ட்’டின் டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாக்குமென்ட் ஃபார்மேட்டிங் பலகை திறக்கும். அதில் வரி உள்தள்ளலுக்குப் பேச்சு, ஒலி, இரண்டும் என்ற தேர்வுகள் உண்டு. ஒலியைத் தேர்ந்தால், உள்தள்ளல் மாறும்போதெல்லாம் ஒரு சிறு ஒலி வரும். ஓர் இடைவெளி கூடினால் சுருதி ஒரு படி ஏறும். ஒரு டேப் நான்கு இடைவெளிக்குச் சமம். ‘எட்டு ஸ்பேஸ்’, ‘பன்னிரண்டு ஸ்பேஸ்’ என்று எண்ணிச் சொல்வதைவிட இது பல மடங்கு வேகம். ஒரு டிவ்வுக்குள் (பிற உறுப்புகளை அடைக்கும் பொதுப் பெட்டி) எத்தனை ஆழத்தில் நிற்கிறோம் என்பது சுருதியிலேயே தெரிந்துவிடும். பைத்தானில் உள்தள்ளல் தவறினால் நிரலே ஓடாது. இணையப் பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் அப்படிக் கறாராக இல்லை என்றாலும், மூடும் டேக் தன் திறக்கும் டேக்கின் சுருதியில் ஒலிக்கிறதா என்று கேட்பதுதான் அடைப்புப் பிழையைப் பிடிக்க விரைவான வழி.

குரலையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 10-லும் அதற்குப் பிந்தையவற்றிலும் விண்டோஸின் ஒன்கோர் குரல்தான் தொடக்கத்தில் வரும். கேட்க இனிமையானது. நிரலுக்கு ஈஸ்பீக் நல்லது. இயந்திரக் குரல்தான், ஆனால் விசையை அழுத்திய கணத்தில் பேசும். வேகத்தைக் கூட்டினாலும் மெய்யெழுத்துகள் சிதறாது. என்விடிஏ, கண்ட்ரோல், எஸ் அழுத்தினால் மாற்றிக்கொள்ளலாம். இத்தனை மாற்றங்களும் மின்னஞ்சல் படிக்கும்போது தொல்லையாகிவிடும் என்பதால், எடிட்டரில் நின்றபடி என்விடிஏ, கண்ட்ரோல், ‘ப்ரொஃபைல்’ என்பதன் பி அழுத்தி, ‘நடப்புச் செயலிக்கு மட்டும்’ என ஒரு புதிய ப்ரொஃபைல் உருவாக்கி, அதன் பிறகு அமைப்புகளை மாற்றுங்கள். எடிட்டருக்குள் நுழைந்ததும் நிரல் அமைப்பு வரும், வெளியேறினால் போய்விடும். வரிசை மாறி, அமைப்பை முதலில் மாற்றிவிட்டு ப்ரொஃபைலைப் பிறகு உருவாக்கினால் எல்லாச் செயலிக்கும் அதே கொட்டு கேட்கும்.

எடிட்டர் என்று பார்த்தால் விஎஸ் கோட். என்விடிஏ இயங்குவதை அது தானே கண்டுகொள்ளும். கண்டுகொள்ளாவிட்டால் அமைப்புகளில் ‘அக்சஸிபிலிட்டி சப்போர்ட்’ என்று தேடி ‘ஆன்’ ஆக்குங்கள். ஆல்ட்+எஃப்1 அந்த இடத்துக்கான உதவியை வாசிக்கும். எஃப்8 அடுத்த பிழைக்குத் தாவி அதைச் சொல்லும். கண்ட்ரோல்+ஜி கேட்ட வரி எண்ணுக்குக் கொண்டுபோகும். பிழையுள்ள வரிக்கு ஓர் ஒலி, பிரேக்பாயின்ட்டுக்கு (நிரலை நிறுத்திப் பார்க்கக் குறித்த இடம்) வேறோர் ஒலி என்று சிக்னல்களும் உண்டு. தொடங்குபவரைக் குழப்புவது இரண்டு வசதிகள். ஒன்று, அடைப்பைத் திறந்ததும் எடிட்டர் சத்தமில்லாமல் மூடும் அடைப்பையும் போட்டுவிடுவது. என்விடிஏ இதைச் சொல்லாது. கர்சர் நகர்ந்த பிறகு நீங்களும் ஒன்று போட, இரண்டாகிவிடும். ‘ஆட்டோ க்ளோசிங் பிராக்கெட்ஸ்’ என்று தேடி ‘நெவர்’ வையுங்கள்; எச்டிஎம்எல் டேக்குகளுக்கான தானியங்கி மூடலையும் அணையுங்கள். இரண்டு, வரி முடிக்க என்டர் தட்டும்போது பரிந்துரைப் பட்டியலில் நின்ற சொல் உள்ளே புகுந்துவிடுவது. ‘அக்செப்ட் சஜஷன் ஆன் என்டர்’ அமைப்பை அணைத்தால் தீரும்; பரிந்துரையை ஏற்க டேப் போதும். கை பழகிய பின் இரண்டையும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

எஃப்8-ஐ நம்பி இருந்துவிடவும் கூடாது. தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸிலும் பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டிலும் உள்ள பிழையை அது காட்டும். எச்டிஎம்எல்லில் மூடாத டிவ்வைப் பெரும்பாலும் காட்டாது. உலாவியும் அதைச் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டு ஏதோ ஓர் உறுப்பு மரத்தைக் கட்டிவிடும். இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் எச்டிஎம்எல் சரிபார்ப்பானில் பக்கத்தைக் கொடுத்தால் வரி எண்ணோடு பிழை வரும். அந்த முடிவுப் பக்கமும் திரைவாசிப்பானில் சுத்தமாகப் படிக்கக் கூடியது.

இனி உலாவி. என்விடிஏ-வின் உண்மையான அருமை இங்கேதான் தெரியும். பக்கத்தை ஆவணம் போல வாசிக்கும் பிரவுஸ் மோடில் ஒற்றை எழுத்தே வழிகாட்டி: ஹெட்டிங்குக்கு எச், அதன் படிநிலைக்கு 1 முதல் 6 வரை, பட்டனுக்கு அதன் முதலெழுத்து பி, படிவப் புலத்துக்கு எஃப், இணைப்புக்கு கே, லேண்ட்மார்க்குக்கு (மெனு, முதன்மை உள்ளடக்கம் போன்ற பகுதி) சி-க்கு அடுத்த டி. ஷிப்ட் சேர்த்தால் பின்னோக்கிப் போகும். என்விடிஏ+எஃப்7 அழுத்தினால் இணைப்பு, தலைப்பு, புலம், பட்டன், லேண்ட்மார்க் எல்லாம் பட்டியலாக வரும். எழுதி முடித்த பக்கத்தில் முதலில் செய்ய வேண்டியது இதுதான்: தலைப்புப் பட்டியலை மட்டும் கேளுங்கள். கட்டுரையின் உள்ளடக்கப் பட்டியல் போல ஒலிக்கிறதா? எச்2-க்குப் பின் நேராக எச்4 வருகிறதா? எழுத்து அளவுக்காகத் தலைப்பு டேக் போட்டிருந்தால் இங்கே பிடிபடும். பிறகு இணைப்புப் பட்டியல். ‘மேலும்’, ‘மேலும்’, ‘மேலும்’ என்று வந்தால் எதற்கு மேலும் என்று யாருக்கும் தெரியாது. படத்தை மட்டும் உள்ளே வைத்த இணைப்புக்கு ஆல்ட் உரை (படத்துக்கான மாற்று விளக்கம்) இல்லையென்றால் கோப்புப் பெயரையோ முகவரியின் ஒரு துண்டையோ வாசிக்கும். அந்த வினோத ஒலி எழுதியவரை உடனே திருத்த வைக்கும்.

படிவங்களில் என்விடிஏ கறாரானது, அதனாலேயே நல்ல ஆசான். புலத்துக்கு லேபல் கட்டாமல் பக்கத்தில் உரை மட்டும் வைத்தால், டேப்பில் அங்கே வந்ததும் ‘எடிட், பிளாங்க்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். லேபலின் ‘ஃபார்’ மதிப்பும் புலத்தின் ‘ஐடி’ மதிப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே ஐடி இரண்டு புலத்தில் இருந்தால் முதலாவதுக்கே பெயர் போகும். பிளேஸ்ஹோல்டர் (காலிப் புலத்துக்குள் தெரியும் குறிப்பு) போட்டால் என்விடிஏ அதைப் பெயராக வாசித்துவிடும், உங்கள் காதுக்குப் பிரச்சினை தெரியாது. பார்த்து நிரப்புபவருக்கோ தட்டத் தொடங்கியதும் அது மறைந்து, எந்தப் புலம் என்பதே மறந்துவிடும். திரைவாசிப்பான் போன்றவற்றுக்கு விவரம் சொல்லும் பண்புகளுக்கு ‘ஏரியா’ என்று பெயர்; பிழைச் செய்தியை அவற்றில் ஒன்றான ‘ஏரியா-டிஸ்கிரைப்டுபை’ வழியாகப் புலத்தோடு கட்டி, ‘ஏரியா-இன்வேலிட்’டை ‘ட்ரூ’ ஆக்கினால், அந்தப் புலத்துக்கு வந்ததும் ‘இன்வேலிட் என்ட்ரி’ என்ற சொல்லோடு செய்தியும் வாசிக்கப்படும்.

தானாக மாறும் செய்திகளில் பலரும் சறுக்குவது வரிசையில். ‘ஏரியா-லைவ்’ பண்போடும் உரையோடும் சேர்த்து ஒரு பெட்டியை ஒரே நேரத்தில் பக்கத்தில் செருகினால் பல சமயம் ஒன்றுமே வாசிக்கப்படாது. காலிப் பெட்டி பக்கம் ஏறும்போதே இருக்க வேண்டும். உரையைப் பிறகு உள்ளே போட வேண்டும். ‘பொலைட்’ போதும், ‘அசர்டிவ்’ போட்டால் படித்துக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டுப் பேசும். பாப்-அப் பெட்டிக்கு டயலாக் டேக்கை ‘ஷோ மோடல்’ முறையில் திறங்கள். எஸ்கேப்பில் மூடுவதும், பின்பக்கம் முடங்குவதும், மூடியதும் ஃபோகஸ் (கீபோர்டு நிற்கும் இடம்) பழைய இடத்துக்குத் திரும்புவதும் உலாவியே பார்த்துக்கொள்ளும். டிவ்வில் அதையே கட்டப் போனால் இந்த மூன்றையும் கையால் எழுத வேண்டும், ஒன்றாவது விட்டுப்போகும்.

இப்போது சமாளிப்புகளுக்கு வருவோம். மிக ஆபத்தானது சொடுக்கக்கூடிய டிவ். பட்டன் டேக்குக்குப் பதிலாக டிவ் ஒன்றை வைத்து அதற்குக் கிளிக் நிகழ்வைக் கட்டினால், பிரவுஸ் மோடில் என்விடிஏ ‘கிளிக்கபிள்’ என்று சொல்லும். என்டர் அழுத்தினால் மவுஸ் சொடுக்கை நடித்து வேலையையும் முடித்துவிடும். கேட்பவர் ‘இயங்குகிறது’ என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் டேப் விசை அந்த டிவ்வில் நிற்கவே நிற்காது. பார்வையோடு கீபோர்டை மட்டும் பயன்படுத்துபவர் அதை எட்டவே முடியாது. எனவே ‘கிளிக்கபிள்’ என்ற சொல்லைப் பிழை அறிவிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சோதிக்கும் முறை எளிது: என்விடிஏ+ஸ்பேஸ் அழுத்தி, விசைகளை நேரே பக்கத்துக்கு அனுப்பும் ஃபோகஸ் மோடுக்குப் போய், பக்கத்தை மறுபடி ஏற்றி, டேப், ஷிப்ட்+டேப், என்டர், ஸ்பேஸ், அம்பு விசை, எஸ்கேப் இவற்றை மட்டும் வைத்து எல்லா வேலையையும் முடித்துப் பாருங்கள். பக்கம் ஏறியதும் மோட் தானாகப் பிரவுஸுக்குத் திரும்பியிருந்தால் மறுபடி மாற்றுங்கள். இரண்டு மோடுக்கும் மாற்ற ஒலி வேறுவேறு. டிவ்வையே வைத்துத் திருத்த நினைத்தால் ‘ரோல்’ (உறுப்பின் வகை), ‘டேப் இண்டெக்ஸ்’, என்டருக்கும் ஸ்பேஸுக்கும் கீபோர்டு நிகழ்வு என்று எல்லாம் வேண்டும். பட்டன் டேக்கில் எல்லாம் சும்மா வருகிறது.

இரண்டாவது, வரிசை. என்விடிஏ வாசிப்பது எச்டிஎம்எல்லில் எழுதிய வரிசை. சிஎஸ்எஸ்ஸின் ஃப்ளெக்ஸ் ‘ஆர்டர்’, கிரிட் இடமாற்றம், ‘அப்சொல்யூட்’ நிலை எதுவும் அதைப் பெரும்பாலும் மாற்றாது. காதில் தெளிவாக வரும் பக்கம் கண்ணில் கலைந்திருக்கலாம். டேப் அழுத்தும்போது ஃபோகஸ் திரையில் இங்குமங்கும் பாயலாம். காட்சி வரிசையை மாற்றும் சிஎஸ்எஸ் பண்புகளையே தொடாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. மூன்றாவது, ‘ஏரியா-லேபல்’. திரையில் ‘அனுப்பு’ என்றிருக்கும் பட்டனுக்கு ‘படிவத்தைச் சமர்ப்பி’ என்று ஏரியா-லேபல் வைத்தால் காதுக்கு அழகாகத்தான் கேட்கும். குரல் கட்டளை தருபவர் திரையில் பார்க்கும் ‘அனுப்பு’ என்ற சொல்லைச் சொன்னால் பட்டன் அசையாது. கண்ணுக்குத் தெரியும் சொல் அந்தப் பெயருக்குள் இருந்தே ஆக வேண்டும்.

பார்வை சார்ந்த மற்றதை என்விடிஏ-விடம் கேட்டுப் பயனில்லை; எண்ணாகக் கேட்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் எஃப்12 அழுத்தினால் வரும் அக்சஸிபிலிட்டி பலகையில் ‘செக் ஃபார் இஷ்யூஸ்’ என்ற தேர்வு உண்டு. நிற வேறுபாடு, கீபோர்டு, உரை லேபல் மூன்றையும் அது சோதிக்கும். சொடுக்கத்தக்க பொருள் ஃபோகஸ் பெறவில்லை என்பதையும், ஃபோகஸ் வளையம் இல்லாமல் போயிருக்கலாம் என்பதையும் அங்கே சொல்லும்; மேலே சொன்ன ஓட்டையை அடைக்க இதுவே சிறந்த துணை. நிற வேறுபாட்டுக்கு, இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூசிஏஜி-யின் ஏஏ அளவு: சாதாரண உரைக்கு 4.5:1, பெரிய உரைக்கும் பட்டனின் விளிம்பு போன்றவற்றுக்கும் 3:1. வெள்ளைப் பின்னணியில் 777777 என்ற நிறக் குறியீட்டின் சாம்பல் 4.48-ல் தவறிவிடும், 767676 தேறிவிடும். கண்ணுள்ளவருக்கே பிரித்துத் தெரியாத வித்தியாசம் இது. இந்த ஒரு விஷயத்தில் பார்வையற்ற நிரலாளருக்கு எந்தக் குறைவும் இல்லை, எண்தான் தீர்ப்பு.

பக்கம் பக்கவாட்டில் வழிகிறதா என்பதையும் எண்ணில் கேட்கலாம். கண்ட்ரோல்+ஷிப்ட்+கே ஃபயர்ஃபாக்ஸிலும், கண்ட்ரோல்+ஷிப்ட்+ஜே குரோமிலும் கன்சோலைத் திறக்கும். ஜன்னல் 1280 பிக்சல் அகலம் இருக்கும்போது 400 விழுக்காடு பெரிதாக்கினால் பக்கத்துக்கு 320 சிஎஸ்எஸ் பிக்சல் கிடைக்கும். அந்த நிலையில் மூல உறுப்பான எச்டிஎம்எல் டேக்கின் ‘ஸ்க்ரோல் வித்’, ‘கிளையன்ட் வித்’ இரண்டையும் கேளுங்கள். முதலாவது பெரிதென்றால் ஏதோ ஒன்று வெளியே நீள்கிறது. ஒவ்வோர் உறுப்பின் ‘கெட் பவுண்டிங் கிளையன்ட் ரெக்ட்’ மதிப்பையும் எடுத்து வலது விளிம்பு 320-ஐத் தாண்டுவதை வடிகட்டினால் குற்றவாளி பிடிபடும். பட்டன்கள் குறைந்தது 24-க்கு 24 பிக்சல் இருக்கின்றனவா என்பதற்கும் அதே கட்டளைதான். 2023-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.2-ல் அது ஏஏ நிலைத் தேவை. விடை வாசிக்கப்படாவிட்டால் அதை ‘அலர்ட்’டுக்குள் போடுங்கள், உடனே சொல்லும். எண்களும் சொல்லாதது அழகு. அதற்குப் பார்வையுள்ள ஒருவரை ஒருமுறை பார்க்கச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.

தமிழில் பக்கம் எழுதுபவர் எச்டிஎம்எல் டேக்கில் ‘லாங்’ பண்பைத் தமிழுக்கு வைக்க மறக்கக் கூடாது. மொழியைத் தானாக மாற்றும் வசதி என்விடிஏ-வில் இருக்கிறது, ஈஸ்பீக்கில் தமிழும் இருக்கிறது; ஆனால் பண்பு ஆங்கிலம் என்று சொன்னால் ஆங்கிலக் குரலிடம் தமிழ் மாட்டிக்கொள்ளும். இடையில் வரும் ஆங்கிலப் பத்திக்குத் தனியாக அதே பண்பை வைக்கலாம்.

மற்ற திரைவாசிப்பான்களோடு ஒப்பிட்டால், ஜாஸ் காசு கொடுத்து வாங்குவது. லேபல் இல்லாத புலத்துக்கும் அருகிலுள்ள உரையை வைத்துப் பெயரை ஊகிக்க முயலும். பயனருக்கு அது வரம், எழுதப் பழகுபவருக்கு அது மறைப்பு. மேக்கிலும் ஐபோனிலும் வரும் வாய்ஸ்ஓவர் வேறு இலக்கணம்; சஃபாரியில் அதை வைத்தும் ஒரு சுற்றுக் கேட்டுவிடுவது நல்லது. பழகுவதற்கு என்விடிஏ, ஒப்பிட மற்றவை.

கடைசியாக, எதிர்பார்த்தது வாசிக்கப்படாதபோது பிழை யாருடையது என்று கண்டுபிடிக்கும் வழி. டூல்ஸ் மெனுவில் ‘ஸ்பீச் வியூவர்’ திறந்தால் பேசுவதெல்லாம் எழுத்தாக வரும், நகலெடுக்கலாம். உலாவியில் எஃப்12 அழுத்தினால் வரும் டெவ் டூல்ஸின் அக்சஸிபிலிட்டி மரத்தில் அந்த உறுப்பின் பெயரையும் ரோலையும் பாருங்கள். அங்கேயே தவறென்றால் பிழை பெரும்பாலும் உங்கள் நிரலில். அங்கே சரி, காதில் தவறு என்றால் வேறோர் உலாவியில் கேளுங்கள். அங்கே சரியாக வந்தால் சந்தேகம் முதல் உலாவியின் மேல், இரண்டிலும் தவறென்றால் என்விடிஏ-வின் மேல். அந்தப் பொருளின் மேல் நின்று என்விடிஏ+எஃப்1 அழுத்தினால் லாக் என்ற பதிவேடு திறந்து, அதைப் பற்றிய விவரம் எல்லாம் கிடைக்கும். பக்கத்தைப் பத்துப் பதினைந்து வரியாகக் குறைத்து, என்விடிஏ பதிப்பு, உலாவிப் பதிப்பு, அழுத்திய விசைகள், கேட்டது, கேட்க வேண்டியது ஆகியவற்றோடு கிட்ஹப்பில் உள்ள என்விடிஏ திட்டத்தில் பதியுங்கள்.